காகிதத்தில் ஓடும் ஒரு சொட்டு: மலிவான பரிசோதனைத் தாள் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது

"ஐந்து ரூபாய்க்குள் ஒரு லேப்" என்கிற மாதிரி ஒரு செய்தி அவ்வப்போது வாட்சப்பில் சுற்றும். கூடவே ஒரு படம் இருக்கும்: தபால்தலை அளவுக்கு வெள்ளைத் தாள், அதில் கிளை பிரிந்த கோடுகள், கிளை நுனிகளில் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகப் புள்ளிகள். ஒரு சொட்டு ரத்தமோ சிறுநீரோ விட்டால் போதும், நோய் தெரிந்துவிடும் என்று கீழே எழுதியிருப்பார்கள். படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இவ்வளவு சுலபம் என்றால் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது ஏன் இல்லை என்று ஒரு கட்சி கேட்கிறது. இன்னொரு கட்சி எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிடுகிறது.

கட்டுக்கதை இல்லை. தாள் நிஜமாகவே மலிவு, வேலையும் செய்கிறது. ஆனால் அந்தத் தாளில் வரும் நிறத்தை நம்பி ஒரு முடிவு எடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவது மலிவான காரியம் இல்லை, செய்திகள் விட்டுவிடுவது அந்தப் பாதியைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதை விளங்கிக்கொள்ள நல்ல உதாரணம் ஒன்று வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது: பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு. அதற்கு வருவதற்கு முன், இந்தத் தாளுக்குப் பின்னால் உள்ள மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்ற தொழில்நுட்பத்தின் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்றால் என்ன

மிகக் குறைந்த அளவு திரவத்தை, மிகக் குறுகிய வழிகளில் நாம் சொல்கிறபடி ஓட வைக்கும் தொழில்நுட்பத்துக்குத்தான் இந்தப் பெயர். இங்கே அளவு மைக்ரோலிட்டர் கணக்கு, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர் வரும். பல சோதனைகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

முதலில் இதைக் கண்ணாடியிலும் சிலிகோன் ரப்பரிலும்தான் செய்தார்கள். மயிரிழை அளவுக்கு வழி குடைந்து, பம்பு வைத்துத் திரவத்தைத் தள்ள வேண்டும். சிப் சின்னதாக இருக்கும், அதைச் சுற்றி நிற்கும் பம்பும் குழாயும் கரண்ட்டும் ஒரு மேசையை நிறைத்துவிடும். காகிதம் வந்ததும் பம்பு தேவையில்லாமல் போனது. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத் தாளிலுள்ள செல்லுலோஸ் இழைகள் தண்ணீரைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படுத்துகிறோமே, அந்த வாட்மேன் 1ஆம் எண் தாள்தான் பெரும்பாலும் இதற்கும். தடிமன் 0.18 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

தாளை வைத்துச் சோதிப்பது புதுசா என்றால், இல்லை. லிட்மஸ் தாள் எல்லோருக்கும் தெரியும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் நொதி (என்சைம்) தடவிய குச்சியை அமெரிக்காவில் அல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதி உருவாக்கி, 1956இல் அது கடைக்கு வந்தது. கர்ப்பப் பரிசோதனைக் குச்சி, கொரோனா காலத்து ஆன்டிஜென் கிட் எல்லாம் இதே வம்சம்தான். அவற்றில் திரவம் ஒரே பட்டையில் ஒரே திசையில் போகும். 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு செய்த மாற்றம், தாளுக்குள் சுவர் கட்டியது. தண்ணீர் தாண்ட முடியாத கோடுகளைத் தாளின் உள்ளேயே உண்டாக்கி, ஒரே சொட்டைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒரு கிளையில் சர்க்கரை, ஒரு கிளையில் புரதம் என்று ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அப்போது தேவைப்பட்ட சிறுநீர் 5 மைக்ரோலிட்டர்.

சுவர் கட்டும் வழிகள்

1. ஒளியில் இறுகும் பிசின். 2007இல் செய்தது இதுதான். தாள் முழுவதும் பிசினில் ஊறப்போட்டு, அச்சு வழியாகப் புற ஊதா ஒளி காட்டி, ஒளி படாத இடத்தைக் கழுவி எடுப்பது. கோடு நேர்த்தியாக வரும். ஆனால் பிசின் விலை அதிகம், மடித்தால் சுவர் விரிசல் விடும்.

2. மெழுகு அச்சு. 2009இல் வந்த இந்த முறைதான் இந்தத் துறையை உலகம் முழுக்கப் பரப்பியது. திட மெழுகு மையால் அச்சடிக்கும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆபீஸ் பிரிண்டரில் படத்தை அடித்து, சூடான தட்டில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் மெழுகு உருகித் தாளின் அடிவரை இறங்கிவிடும். இதில் கவனிக்க ஒன்று உண்டு. மெழுகு கீழே இறங்கும்போதே பக்கவாட்டிலும் பரவும். அச்சடித்த கோடு இரண்டு மடங்குக்கும் மேல் தடிக்கும், நடுவில் விட்ட வழி அந்த அளவுக்குக் குறுகும். இதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்தால் வழியே அடைபட்டுப்போகும். இன்னொரு சங்கடம், அந்த வகை பிரிண்டரை நிறுவனம் கைவிட்டுவிட்டது. பழைய மிஷினையும் மிச்சமிருக்கும் மைக்கட்டிகளையும் வைத்துத்தான் பல ஆய்வகங்கள் ஓட்டுகின்றன. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு மாடலை நம்பி ஒரு துறையே நின்றது கொஞ்சம் வேடிக்கைதான்.

3. வெட்டி எடுப்பது. சுவரே வேண்டாம், தாளையே வழியின் வடிவத்தில் வெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டிவிடலாம். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளில் இருக்கும் கட்டிங் மிஷின் போன்ற ஒன்றே இதற்குப் போதும். இவ்வளவு பேர் மெழுகு பிரிண்டரைத் தேடி அலைவதைவிட இந்த வழி நம் ஊருக்குப் பொருத்தம் என்பது என் கணிப்பு.

4. அடுக்குவது, மடிப்பது. துளையிட்ட இரட்டைப் பக்க டேப்பை நடுவில் வைத்துப் பல தாள்களை அடுக்கினால் திரவம் பக்கவாட்டில் மட்டுமில்லாமல் மாடி விட்டு மாடியும் இறங்கும். 2011இல் டெக்சாஸில் ரிச்சர்ட் குரூக்ஸ் குழு ஒரே தாளை ஓரிகாமி மாதிரி மடித்தே இதைச் செய்து காட்டியது.

இஸ்திரிப் பெட்டியில் செய்து பார்க்க

அறிவியல் ஆசிரியர்களுக்கு இது பயன்படும். வட்ட வடிகட்டும் தாள் ஒன்று, சாதாரண வெள்ளை மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, பட்டர் பேப்பர் இருந்தால் போதும். நடுவில் ஒரு வட்டமும் அதிலிருந்து இரண்டு கிளைகளும் வருகிற மாதிரி, கிளைகளுக்கு வெளியே உள்ள இடத்தை மெழுகுவத்தியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கிளை கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், காரணம் மேலே சொன்ன பரவல். பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சில நொடி இஸ்திரி போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மெழுகு முழுசாக இறங்கிய இடம் எண்ணெய் பட்டது போல ஒளி ஊடுருவும். எங்காவது வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அது சுவரில் ஓட்டை, பின்பக்கமும் தேய்த்து மறுபடி இஸ்திரி போட வேண்டும்.

ஒரு நுனியில் மஞ்சள் கரைசல், இன்னொரு நுனியில் செம்பருத்தி இதழ் சாறு, இரண்டையும் சின்னப் புள்ளியாக வைத்துக் காய விடுங்கள். நடு வட்டத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டினால் அது இரண்டு கிளையிலும் ஓடி, மஞ்சளைச் செங்கல் நிறமாகவும் செம்பருத்தியைப் பச்சையாகவும் மாற்றும். ஒரே சொட்டு, இரண்டு சோதனை. அப்புறம் அதே மாதிரி இன்னொரு தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சில இடங்களில் மெழுகைத் தாண்டிக் கசியும். பரப்பு இழுவிசை குறைந்த திரவங்களை, அதாவது சோப்பு, ஸ்பிரிட் போன்றவற்றை, மெழுகுச் சுவர் சரியாகத் தடுக்காது. நிஜ ஆய்வகங்களிலும் இது தலைவலிதான்.

ஓட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு

தாளில் திரவம் ஒரே வேகத்தில் ஓடாது, போகப் போக மந்தமாகும். 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் எழுதிய சமன்பாட்டின்படி, ஓடிய தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். எளிதாகச் சொன்னால், முதல் ஒரு சென்டிமீட்டருக்கு 20 நொடி ஆனால் இரண்டாவது சென்டிமீட்டரைத் தொட மொத்தம் 80 நொடி, மூன்றாவதைத் தொட 180 நொடி. வழியை இரண்டு மடங்கு நீளமாக்கினால் காத்திருப்பு நான்கு மடங்கு.

காகிதச் சோதனைகள் ஏன் சின்னதாகவே இருக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம். இன்னொரு விளைவும் உண்டு: ஓடும் வழியில் தண்ணீர் காற்றில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாதத்து அரூர் வெயிலில் திறந்து வைத்த தாளில் வழி நீளமாக இருந்தால் சொட்டு நுனியை எட்டாமலே நின்றுவிடக்கூடும், அதே தாள் மழைக்காலத்து தேன்கனிக்கோட்டையில் ஒழுங்காக ஓடும். மேலே ஒரு டேப் ஒட்டி மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். தாளை எந்தத் திசையில் வெட்டினோம் என்பதும் கணக்கு: மிஷினில் தாள் ஓடிய திசையில் இழைகள் படிந்திருப்பதால் அந்தப் பக்கம் தண்ணீர் வேகமாகப் போகும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

நான்கு வகை வேதியியல் தெரிந்தால் பெரும்பாலான தாள்கள் புரிந்துவிடும்.

1. நொதி. சர்க்கரைச் சோதனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸைத் தொட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இரண்டாவது நொதி ஒன்று அந்தப் பெராக்சைடைக் கொண்டு அயோடைடை அயோடினாக மாற்ற, தாள் பழுப்பாகும்.

2. சாயம் பிடிப்பது. சிறுநீரில் புரதம் இருந்தால் டெட்ராபுரோமோஃபீனால் ப்ளூ என்ற சாயம் அதைப் பிடித்துக்கொண்டு மஞ்சளிலிருந்து நீலப்பச்சைக்கு மாறும்.

3. ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். கர்ப்பச் சோதனையில் தங்க நுண்துகள் ஒட்டிய ஆன்டிபாடி ஒன்று ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு ஓடும், கோட்டில் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். குவிந்த தங்கத் துகள்தான் நாம் பார்க்கும் சிவப்புக் கோடு. பக்கத்தில் வரும் இன்னொரு கோடு, சோதனை ஒழுங்காக ஓடியது என்பதற்கான சாட்சி.

4. கட்டிப்போவது. ரத்த வகை பார்க்கும் தாளை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் செய்து காட்டியது. ஆன்டிபாடி தடவிய இடத்தில் பொருந்துகிற சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இழைகளுக்குள் மாட்டிக்கொள்ளும், பொருந்தாதவை உப்புநீர் விட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். கறை நின்றால் அந்த வகை. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் நிறத்தின் அழுத்தத்தை அளக்க வேண்டியதில்லை, உண்டா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "உண்டா, இல்லையா" என்று கேட்கும் சோதனையில் காகிதம் கெட்டி. "எவ்வளவு" என்று கேட்டால்தான் தடுமாற ஆரம்பிக்கிறது.

நம் ஊர்த் தண்ணீரும் ஃப்ளோரைடும்

இந்த இரண்டு மாவட்டங்களும் கடினப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, கிரானைட்டும் நைஸும். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது, நிலத்தடி நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடும்போது அது கரைந்து வெளியே வருகிறது. கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் அதிகமாகவும் உள்ள தண்ணீரில் இன்னும் கூடுதலாகக் கரையும், காரணம் கால்சியம் இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். ஒரு போர்வெல்லில் அளவு சரியாக இருந்து, அடுத்த தோட்டத்துப் போர்வெல்லில் எகிறி இருப்பதும் இந்த மண்ணில் சகஜம்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் 10500ஆம் எண் தரப்படி, குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல் எனாமலில் வெண்திட்டும் மஞ்சள், பழுப்புக் கறையும் விழும். நிறைய அளவில் பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். எனாமல் உருவாகும் வயதில் விழுந்த கறை பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெயிலில் கல் உடைப்பவரும் களை எடுப்பவரும் மற்றவர்களைவிட அதிகம் குடிக்கிறார்கள்: 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் உள்ளே போவது 3 மில்லிகிராம், 5 லிட்டர் குடித்தால் 7.5. வரம்பு ஒன்றுதான், உடம்பில் சேர்வது ஒன்றில்லை.

ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் வரும் பல், எலும்புப் பாதிப்பு) தணிப்பு என்று இருப்பது இதனால்தான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் வருகிறது. ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் கை போகும் இடம் போர்தான். அந்தப் போரில் எவ்வளவு ஃப்ளோரைடு என்று தெரிந்துகொள்ள ஒரு தாள் இருந்தால் நல்லது இல்லையா? இருக்கிறது, வேதியியல் பழையதுதான்.

சிர்கோனியம் என்ற உலோகத்தோடு அலிசரின் ரெட் எஸ் என்ற சாயம் அமிலத்தில் சேர்ந்திருந்தால் ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும். ஃப்ளோரைடு வந்தால் சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தனியாக விடப்பட்ட சாயம் மஞ்சளாகிவிடும். சிவப்பு எவ்வளவு குறைந்து மஞ்சள் எவ்வளவு கூடியது என்பதுதான் அளவு. இந்தக் கலவையைத் தாளில் ஊறவைத்துக் காய வைத்தால் ஃப்ளோரைடு தாள் தயார். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான்:

1. இந்த நிறமாற்றம் அமிலத்தில்தான் சரியாக நடக்கும். பைகார்பனேட் அதிகம் உள்ள தண்ணீர் அமிலத்தைத் தின்றுவிடும். ஃப்ளோரைடு அதிகம் உள்ள தண்ணீரில்தான் பைகார்பனேட்டும் அதிகம் என்று மேலே பார்த்தோம். அதாவது எந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமோ, அந்தத் தண்ணீரே சோதனையைக் குழப்பும்.

2. அலுமினியம் ஃப்ளோரைடைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சிர்கோனியத்துக்கு விடாது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையில் சுத்திகரித்த தண்ணீரில் மிச்ச அலுமினியம் இருந்தால், தாள் குறைத்துக் காட்டும். சுத்திகரிப்பு பிரமாதமாக நடந்ததாக நாம் நினைத்துக்கொள்வோம்.

3. பாஸ்பேட்டும் சல்பேட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அவையும் சிர்கோனியத்தைப் பிடிப்பதால், இல்லாத ஃப்ளோரைடை இருப்பதாகக் காட்டும். உரம் போட்ட வயலை ஒட்டிய கிணறுகளில் இதை யோசிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் ஃப்ளோரைடு மின்முனையால் அளக்கும்போது, அமிலத்தன்மையை ஒரே நிலையில் நிறுத்தி அலுமினியத்திடமிருந்து ஃப்ளோரைடை விடுவிக்கும் கரைசல் ஒன்றைச் சேர்த்துவிட்டுத்தான் அளப்பார்கள். நனைத்து எடுக்கும் சாதாரணத் தாளில் அதற்கு இடம் கிடையாது. சுவர் கட்டிய தாளின் மதிப்பு இங்கேதான் தெரியும். சொட்டு ஓடும் வழியில் முதல் நிறுத்தத்தில் அமிலமும் அந்தத் துணைக் கரைசலும் காய வைத்திருக்கலாம், தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் உள்ள சாயத்துக்குப் போகும். இன்னொரு கிளை அதே தண்ணீரின் காரத்தன்மையைத் தனியாகக் காட்டும், அது எல்லை மீறியிருந்தால் ஃப்ளோரைடு முடிவை நம்பாதே என்று அர்த்தம். கிளை பிரித்த தாள் அழகுக்காக இல்லை, இப்படிச் சாட்சி சொல்வதற்காக.

நிறத்தைப் படிப்பதில் வரும் வம்பு

ஃப்ளோரைடு தாளில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கும் 3-க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியும். 1.3-ஐயும் 1.7-ஐயும் பிரிக்கச் சொன்னால் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள், ஆனால் முடிவெடுக்கும் கோடு கிடப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். டியூப் லைட்டில் ஒரு நிறம், வேப்பமர நிழலில் ஒரு நிறம். போதாக்குறைக்கு, காய்கிற சொட்டு சாயத்தை ஓரத்துக்குத் தள்ளுவதால் நடுவில் வெளுத்தும் விளிம்பில் அழுத்தமாகவும் வளையம் விழும், எதைப் பார்ப்பது என்றே குழப்பம்.

போன் கேமராவில் எடுத்து அளக்கலாம் என்பது 2008இலேயே ஹார்வர்டு குழு முன்வைத்த யோசனை. அதிலும் கேமரா தானாக வெள்ளையைச் சரிசெய்து நிறத்தை மாற்றிவிடும். அதே தாளில், சோதனைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே, அளவு தெரிந்த மாதிரி நிறங்களையும் அச்சடித்து இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை நிறையவே குறையும்.

நிறத்தையே விட்டுவிட்டு நீளத்தை அளக்கும் வழி இன்னும் கெட்டிக்காரத்தனம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹென்றி குழு 2013இல் காட்டியது இது. வழி நெடுக வேதிப்பொருளைத் தடவிவிட்டால், தேடும் பொருள் தீரும் வரை நிறம் மாறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். பாதரச தெர்மாமீட்டரில் பார்ப்பது போல எத்தனை மில்லிமீட்டர் என்று படித்தால் போதும், நிறக்குருடு உள்ளவரும் படிக்கலாம். ஆனால் நீளம் கூடினால் நேரமும் கூடும், வாஷ்பர்ன் விடமாட்டார்.

தாள் சொன்னால் நோய் உறுதியா

இல்லை. இதற்குக் காகிதத்தைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது என்பது துல்லியத்திறன்.

ஒரு ஊரில் 1,000 பேர், 20 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணர்திறன் 90 சதவீதம், துல்லியத்திறன் 95 சதவீதம் உள்ள தாளால் எல்லோரையும் சோதிக்கிறோம், கேட்க நல்ல தாளாகத்தான் தெரிகிறது. 20 பேரில் 18 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 980 பேரில் 49 பேருக்கும் இருப்பதாகக் காட்டும். ஆக 67 பேருக்கு நோய் என்று தாள் சொல்லும், நிஜத்தில் இருப்பது 18 பேருக்கு. நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதி 49 பேர் பயத்தோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறுவார்கள், அந்தச் செலவு தாளின் விலையில் சேராது.

அதனால் இது வடிகட்டும் சோதனை. வீடு வீடாகப் போய் ஆயிரம் பேரில் யாரை லேபுக்கு அனுப்பலாம் என்று சொல்லத் தகும். அப்படி வீட்டுக்குப் போகும் ஏற்பாடு இங்கே புதிதும் இல்லை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். பையில் இன்னொரு தாள் சேர்வது பெரிய விஷயமில்லை, அந்தத் தாள் "இருக்கு" என்று சொன்ன பிறகு யார் எங்கே உறுதிப்படுத்துவது என்பதுதான் பெரிய விஷயம்.

அப்போ கடையில் ஏன் இல்லை

தாளும் மெழுகும் பைசா கணக்கு, அதில் பொய் இல்லை. அதற்கு மேல் சேர்பவை வேறு. நொதியும் ஆன்டிபாடியும் விலை கூடியவை, அதோடு வெப்பத்திலும் ஈரத்திலும் கெடுபவை. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையோடு சேர்த்துக் காய வைத்தால் நொதி ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அலுமினிய உறையில் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், பல சமயம் உறை தாளைவிட விலை அதிகம். ரத்தம் என்றால் சிவப்பணுக்களை முதலில் வடிகட்டியாக வேண்டும், இல்லையென்றால் அதன் நிறமே மற்றதை மறைத்துவிடும். அதற்கான தனி வடிகட்டிச் சவ்வு இன்னொரு செலவு.

பிறகு தரம். கையால் பத்துத் தாள் செய்து பத்தும் ஒரே மாதிரி வருவது ஒன்று, பத்தாயிரம் செய்து முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே அளவு காட்டுவது வேறு. உடம்பு சம்பந்தப்பட்ட சோதனை என்றால் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் பொருந்தும், ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு, அதற்கேற்ற ஆதாரமும் உரிமமும் வேண்டும். இது தேவையான கெடுபிடிதான், தப்பான ரத்தச் சோதனை உயிரோடு விளையாடுவது. தண்ணீர்ச் சோதனைத் தாளுக்கு இந்த மருத்துவ உரிமம் பொருந்தாது. புதிதாக இதில் இறங்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் ரத்தத்தை விட்டுத் தண்ணீரில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு ஃப்ளோரைடோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஃப்ளோரைடும் ஒரு சோதனை. உங்கள் ஊராட்சியில் அது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் முடிவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குப் பக்கத்திலோ மேலோ வந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது:

1. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்கவும். குழாயில் தேங்கியது வேண்டாம், மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீரோடு கலந்ததும் வேண்டாம்.

2. ஃப்ளோரைடுக்குக் கண்ணாடி பாட்டிலைவிடப் பிளாஸ்டிக் நல்லது. அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்பவும், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அது வேலையைக் கெடுக்கும்.

3. போரின் ஆழம், எடுத்த தேதி, படிகாரம் போட்ட தண்ணீரா என்பதைப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டவும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என இரண்டு தடவை பார்த்தால்தான் அந்தப் போரின் குணம் பிடிபடும்.